இடி இடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்

அன்றைக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள்: கோடை முகாமை நடத்தும் ரோஸ்லின் மேடம், சமையல் அஞ்சலை அக்கா, குழுத் தலைவிகளாக வந்திருந்த கல்லூரிப் பெண்கள் இருவர், நான், பிறகு முப்பத்தாறு பிள்ளைகள். இல்லாதவர்கள்: நர்ஸ் அக்கா, கிளியனூரில் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று போயிருந்தார். வேன் ஓட்டும் பஷீர் பாய், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதாகக் கூனிமேடு போயிருந்தார். அப்புறம் மஞ்சுளா, ஷபானா. பெரியவர்கள் இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கே என்று தெரியாது. வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது.

அந்த நாளைத்தான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கவிதா, ஜெனிஃபர். இந்த வருஷத்திலிருந்து பெண் பிள்ளைகள் முகாமில் ராத்தங்குகிறவர்கள் எல்லோரும் பெண்களாகவே இருக்கவேண்டும் என்று முடிவாகி, என் வேலையை அவர்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். சரியான முடிவுதான். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்கு ஒரு மகள் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

"ரிட்டயர்டு அண்ணா, உங்க சர்வீஸ் அனுபவத்த எழுதிக் குடுங்கண்ணா" என்று ஜெனிஃபர் கிண்டல் பண்ணுகிறாள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இப்போது கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளம் பார்த்துக்கொள்கிற வேலை. குளத்தில் அலை கிடையாது, சேறு கிடையாது, "அண்ணா, என் செருப்பு போயிடுச்சு" என்று அழ யாரும் கிடையாது. ரிட்டயர்டு என்பது ஒருவகையில் சரிதான்.

நான் இந்த வேலைக்கு வந்தது டென்ட் தூக்க. திண்டிவனத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நான் என்ன வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது, நான் எந்த வேலைக்குப் போனாலும் அது பெரிய வேலை என்று நம்பவும் யாரும் தயங்கவில்லை. கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் என்று தெரிந்ததும் மேடம் என்னைப் புதுச்சேரிக்கு உயிர்காப்புப் பயிற்சிக்கு அனுப்பினார். முதலுதவி, கயிறு கட்டுவது, டென்ட் அடிப்பது எல்லாம் அடுத்தடுத்துக் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

எழுத வேண்டியது மேடத்தைப் பற்றி. புதுச்சேரியில் பி.டி. டீச்சராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஆனால் தண்ணீரில் தவிர வேறு எங்கும் ஊதமாட்டார். "தரையில விசில் ஊதிப் பழக்கினா, தண்ணியில ஊதுறப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க தம்பி" என்பார். குரலும் அப்படித்தான். சத்தமாகப் பேசமாட்டார். மெதுவாகப் பேச ஆரம்பிப்பார், பிள்ளைகள் கேட்பதற்காக நெருங்கி வந்து உட்கார்வார்கள். கோபம் வந்தால் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். லேஸ் இறுக இறுக நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிப் போவோம்.

அவர் வகுத்த முறைகளில் முக்கியமானது ஜோடி. முகாமுக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துவிடமாட்டார். மீனவக் குப்பத்துப் பிள்ளையோடு உள்நாட்டு விவசாய வீட்டுப் பிள்ளை, உப்பள வீட்டுப் பிள்ளையோடு கடைக்காரர் மகள். கழிவறைக்குப் போனாலும் ஜோடி, தண்ணீர் குடிக்கப் போனாலும் ஜோடி. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும்போது, இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, காலி கேன்களை மிதக்கவிட்டு எல்லை போட்டிருப்போம். மேடம் விசில் ஊதினால், எந்த ஆட்டத்தில் இருந்தாலும், ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்கவேண்டும். தனிக்கை தெரிந்தால் நான் குதிப்பேன்.

பிள்ளைகள் குளிக்கும்போது நான் எங்கே நிற்பது என்பது எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. முதல் நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். மேடம் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, முதுகுல கண்ணு இருக்குதா?"

"இல்லீங்க மேடம்."

"அப்பத் திரும்பு. தலைய மட்டும் எண்ணு. தலைக்குக் கீழ இருக்கிறது ஒன் வேலை இல்ல."

கூச்சம் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனையோ கோடைகள் நான் தலைகளை மட்டுமே எண்ணியிருக்கிறேன். இரட்டைச் சடை, ஒற்றைச் சடை, ரிப்பன், பேன் பார்த்து மொட்டை அடித்தது. சடையைப் பார்த்தே பெயர் சொல்வேன்.

இனி மஞ்சுளா. அவள் அம்மா செல்வி அக்கா மரக்காணத்தில் கொஞ்சம் உப்புப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா சென்னையில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். கோடைதான் உப்புக்காரர்களுக்கு உச்ச வேலை. அந்த நேரத்தில் வேலை செய்யத் தெரிந்த ஒரு பிள்ளையை முகாமுக்கு அனுப்புவது சின்ன விஷயம் இல்லை. செல்வி அக்கா கொண்டுவந்து விட்டபோது கையில் ஒரு துணிப்பை, முகத்தில் ஒரு சண்டை.

"சார், இவ எங்க வுட்டாலும் நிக்க மாட்டா. எங்க அக்கா வூட்ல வுட்டேன், மூணாம் நாளே பஸ் ஏறி வந்துட்டா."

"பெரியப்பா குறட்டை வுடுறாரும்மா" என்றாள் மஞ்சுளா.

"ஆமா, ஒனக்குன்னு குறட்டை வுடாத பெரியப்பாவா புடிச்சாரணும். சார், எட்டாவது முடிச்சிட்டா. சீசன் வந்தா பாதி நாள் பள்ளிக்கூடம் மட்டம், எங்கூட பாத்தியில நிக்கிறா. டீச்சர் சொல்லுது, ஒம்பதாவதுக்குத் திண்டிவனம் ஆஸ்டல்ல போடு, அப்பத்தான் படிப்பான்னு. நானும் சரின்னேன். ஆனா நிப்பாளா? துணி, பொட்டி எல்லாம் வாங்கிப் போட்டு ஒரு வாரத்துல ஓடி வந்துட்டா யாரு பதில் சொல்றது? அதான் இங்க வுடுறேன். முகாம் முடியிற வரைக்கும் நின்னான்னா ஆஸ்டல். நடுவுல வூட்டுப் பக்கம் வந்தான்னா, உப்புதான். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

மஞ்சுளா தலையாட்டினாள். அவளுக்கு ஹாஸ்டல் போகவேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பது எனக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. மற்ற புதுப் பிள்ளைகள் அம்மா வேண்டும் என்று அழுதபோது இவள் டென்ட் குச்சியை இரண்டு கையாலும் பிடித்தபடி படுத்திருந்தாள். "ஏம்மா இதப் புடிச்சிருக்க?" என்று குழுத் தலைவி கேட்டதற்கு, "ஓடிடாம இருக்கத்தான்க்கா" என்றாளாம்.

அவள் ஜோடி ஷபானா. கூனிமேட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள், ஆனால் விதி என்று சொல்லிவிட்டால் அதை எழுத்து மாறாமல் பிடிப்பாள். மஞ்சுளா ராத்திரி திரும்பிப் படுத்தால்கூட இவள் எழுந்து, "எங்கடி போற?" என்பாள்.

முகாம் ஒரு சவுக்குத் தோப்பில். கிழக்கே கடல், மேற்கே உப்பளம். தோப்பின் ஓரத்தில் நின்றால் மஞ்சுளாவின் அம்மா வேலை செய்கிற பாத்தியே தெரியும். நிற்கமாட்டாள் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு வீடு கண்ணுக்கு நேராகத் தெரிவது கஷ்டம்தானே. மேடம் அவளுக்குச் சாயங்கால வேலையாகக் கடல் பக்கத்து டென்ட்டுகளைக் கொடுத்தார். ஒரு வாரம் ஓடிவிட்டது. ஓடியது வாரம்தான், மஞ்சுளா இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. எங்களுக்கு இடிக்கு ஒரு முறை இருந்தது. முதல் இடி கேட்டதும் எதையும் எடுக்காமல், ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு, தோப்பைவிட்டுப் புயல் கட்டடத்துக்குள் போய்விடவேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை யாரும் வெளியே வரக்கூடாது. இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தோம். இடி கேட்டது, பிள்ளைகள் ஓடினார்கள், உள்ளே போனார்கள். மேடம் கையைத் தட்டினார். எல்லா ஜோடியும் கையைத் தூக்கியது. தனிக்கை ஒன்றுகூட இல்லை.

ஜோடி முறையில் இருந்த ஓட்டை அதுதான். ஒருத்தி காணாமல் போனால் இன்னொருத்தி கத்துவாள். இரண்டு பேரும் சேர்ந்து காணாமல் போனால் கத்த ஆள் இல்லை. மேடம் தலைகளைத் தனியாக எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.

"தம்பி, கடல் பக்கமா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். தூரத்தில் உப்பளத்து வரப்புகளில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள், ஆண்கள், தலையில் கீற்றும் தார்ப்பாயுமாக. எல்லோரும் வீட்டைவிட்டு வெட்டவெளிக்கு ஓடினார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். களத்தில் மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, காயும்போது இடி இடித்தால், அப்பா வீட்டுக்குள் ஓடி வந்து நான் பார்த்ததே இல்லை.

"மேடம், மேற்குப் பக்கம். உப்பு மூடப் போயிருக்கா."

பிள்ளைகளைத் தலைவிகளிடமும் அஞ்சலை அக்காவிடமும் ஒப்படைத்துவிட்டு, அக்காவின் மொபெட்டில் கிளம்பினோம். மேடம் பின்னால் உட்கார்ந்து மின்னலுக்கும் இடிக்கும் நடுவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, மின்னல் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது.

செல்வி அக்கா பாத்தியில் மூன்று பேர் தெரிந்தார்கள். வரப்பின் மேல் வாரிப் போட்ட உப்பு நீளமாகக் குவிந்து கிடந்தது. அம்மா ஒரு முனையிலும் மஞ்சுளா மறுமுனையிலும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று பிடுங்கியது. நடுவில் ஷபானா, ஒரு கையால் தார்ப்பாயையும் இன்னொரு கையால் மஞ்சுளாவின் துப்பட்டாவையும் பிடித்தபடி. செருப்பில்லாத காலை உப்பு கிழித்திருந்தது.

"எல்லாரும் மோட்டார் ரூமுக்குள்ள போங்க" என்றார் மேடம். பக்கத்திலேயே காங்கிரீட் போட்ட மோட்டார் அறை இருந்தது.

"அஞ்சு நிமிசம் மேடம், இந்தப் பக்கம் மட்டும் போத்திட்டா போதும்" என்றார் செல்வி அக்கா.

மேடம் விசிலை எடுத்து ஊதினார். தரையில் அவர் ஊதி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். ஷபானாவின் கை தானாக மஞ்சுளாவின் கையைப் பிடித்து மேலே போனது. நான் இரண்டு பேரையும் அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் மஞ்சுளா கையை உதறினாள். திரும்பி ஓடினாள். தார்ப்பாய்க்கு இல்லை, அம்மாவுக்கு.

"நீ வாம்மா!"

"உப்பு போவுதுடி!"

"நீ வா!"

அவள் இழுத்த இழுப்பில் செல்வி அக்கா கையிலிருந்த தார்ப்பாய் நழுவி, காற்றில் பறந்து பக்கத்துப் பாத்தியில் போய் விழுந்தது.

உள்ளே போனதும் மேடம் முதலில் சொன்னது: "மோட்டாரத் தொடாதீங்க. சுவத்துல சாயாதீங்க. நடுவுல குந்துங்க." ஷபானாவின் காலைத் தன் மடியில் எடுத்துவைத்துத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மஞ்சுளா, எதுக்கு ஓடி வந்த?"

"இடி இடிச்சுதே மேடம்."

"இடிச்சா எங்க போகணும்னு சொல்லியிருக்கு?"

"பில்டிங்குக்கு."

"பின்ன?"

அந்தக் கேள்வியே புரியாதவள் மாதிரி அவள் மேடத்தைப் பார்த்தாள். "இடி இடிச்சா உப்ப மூடணும்ல மேடம்?"

மேடம் ஷபானா பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடா வந்த?"

"நீங்கதானே மேடம் ஜோடி கைய விடக் கூடாதுன்னு சொன்னீங்க."

"எங்க போறோம்னு கேக்கலியா?"

"கேட்டேன். வாடி, அப்புறம் சொல்றேன்னா. இன்னும் சொல்லல."

செல்வி அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. பாத்தியில் தண்ணீர் ஏறி வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புக் குவியலின் அடி கரைந்து, மேலே இருந்தது சரிந்து சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. பக்கத்துப் பாத்திக்காரர்கள் இன்னும் மழையில் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்கல்லாம் மூடுறாங்களே மேடம். எனக்கு மட்டும் என்ன ஆயிடப் போவுது?" அக்கா எழுந்தார்.

மஞ்சுளா அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டென்ட் குச்சியை ராத்திரி எப்படிப் பிடித்திருந்தாள் என்று சொன்னார்களோ, அப்படி. "ஒக்காரும்மா."

"வுடுடி."

"மாட்டேன்."

வெளியே வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மேடம் எண்ணுவதை நிறுத்திவிட்டார். செல்வி அக்கா உட்கார்ந்தார். அந்தப் பிடி கடைசி இடிவரை விடவில்லை. ஒரு தடவை மட்டும் அக்கா என்னைப் பார்த்து, "இவ நிக்க மாட்டான்னு ஒங்ககிட்ட சொன்னேன். என்னையில்ல நிறுத்தி வெச்சிருக்கா" என்றார்.

நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். அன்றைக்கு மின்னல் அந்த உப்பளத்தில் யார் மேலும் விழவில்லை. மழையில் ஓடி ஓடி மூடியவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், அவர்கள் உப்பும் தப்பியது. உள்ளே உட்கார்ந்த செல்வி அக்காவின் உப்புதான் போனது. கவிதா, ஜெனிஃபர், இதை மறைத்துவிட்டு நம் முறைதான் காப்பாற்றியது என்று பிள்ளைகளிடம் கதை சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டில் நிஜம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மறுபடி இடி இடித்தாலும் அதே அறைக்குள்தான் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மழை விட்டது. இப்போது இரண்டு விதிகள் மஞ்சுளாவுக்கு எதிராக நின்றன. சொல்லாமல் எல்லையைத் தாண்டிய பிள்ளையை அன்றைக்கே வீட்டில் ஒப்படைக்கவேண்டும் என்பது மேடத்தின் விதி. அதை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. ஷபானா ஜோடியோடு போனவள், எல்லை தாண்டினாலும் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டே தாண்டினாள் என்று அவளை விட்டுவிட்டார். அழைத்துப் போனவள் மஞ்சுளா. முகாம் முடியும் முன் வீட்டுப் பக்கம் வந்தால் ஹாஸ்டல் கிடையாது என்பது செல்வி அக்காவின் விதி. இரண்டு விதிப்படியும் மஞ்சுளாவுக்கு உப்புதான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அழவில்லை. காலால் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

மேடம் மஞ்சுளாவின் தோளைப் பிடித்து அம்மாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "செல்வி, சொல்லாம எல்ல தாண்டினா வீட்டுல ஒப்படைக்கணும். ஒப்படைச்சிட்டேன்."

கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. நனைந்த புடவையோடு வரப்பில் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. செல்வி அக்காவுக்குப் புரிந்தது. கரைந்துபோன உப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இவ வூட்டுக்கு வரல மேடம். உப்புக்கு வந்தா." பிறகு, "என் பொண்ண ஒங்க முகாமுல சேத்துக்கறீங்களா? புதுசா சேக்கறாப்புல சேத்துக்கங்க" என்றார்.

"பையில துணி இருக்குதா?" என்று கேட்டார் மேடம்.

"அங்கதான் மேடம் இருக்குது, என் பை" என்றாள் மஞ்சுளா. அப்போதுதான் அழுதாள்.

ஷபானாவின் அப்பா சாயங்காலமே பஷீர் பாயின் வேனில் வந்து இறங்கினார். பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றேன். மகளின் கால் கட்டைப் பார்த்தார், "கடையில உப்பு மூட்டை மேல ஒக்காந்து கதை பேசுறியே, அது எங்கேருந்து வருதுன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கால்ல தையல் கியல் இல்லியே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்தக் கோடையோடு முறை மாறியது. இடி முறையைச் சொல்லித் தருவதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இடி இடிச்சா உங்க வீட்டுல எந்தப் பக்கம் ஓடுவீங்க? ஒருத்தி, போட்டை மேலே இழுக்கக் கடலுக்கு என்பாள். ஒருத்தி, ஆட்டை அவிழ்க்க ஏரிக்கரைக்கு என்பாள். ஒருத்தி, மாடியில் காயும் மிளகாயை அள்ள என்பாள். அவர்கள் சொல்லும் திசையில் எல்லாம் ஒரு பெரியவரை நிறுத்திவிட்டுத்தான் ஒத்திகையை ஆரம்பிக்கவேண்டும். தலையையும் தனியாக எண்ணவேண்டும். ஜோடியை மட்டும் நம்பக்கூடாது. நீங்கள் விடக்கூடாத முறை இதுதான்.

மஞ்சுளா முகாமை முடித்தாள். ஜூன் மாதம் அவளை ஹாஸ்டலில் சேர்க்கும்போது திண்டிவனத்துக்கு நானும் போனேன். ஒரு மாதம் கழித்து மேடம் விசாரித்தார், அங்கேயேதான் இருந்தாள். நடுவில் மேடம் இரண்டு தடவை ஆள் அனுப்பி, எவ்வளவு நஷ்டம் என்று செல்வி அக்காவைக் கேட்டார். அக்கா தொகையைச் சொல்லாமல் என்னிடம், "சொன்னா குடுத்துடுவாங்க சார். எம் பொண்ணு கையப் புடிச்சா, நான் ஒக்காந்தேன். அதுக்கு அவங்க எதுக்குத் தரணும்?" என்றார்.

ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். மேடத்திடம் சொல்லமாட்டேன் என்று நான் ஒத்துக்கொண்ட பிறகு, செல்வி அக்கா விரலை மடக்கிச் சொன்னார். கரைந்தது இருபத்தெட்டு மூட்டை, ஐயாயிரத்து அறுநூறு. மண் கலந்து பாதி விலைக்குப் போனது பதினெட்டு மூட்டை, அதில் ஆயிரத்து எண்ணூறு. காற்றில் போன தார்ப்பாய் கிழியாமல் திரும்பக் கிடைத்தது, அதைச் சேர்க்கவில்லை. இதை மேடம் படிப்பார், படிக்கட்டும். மொத்தம் ஏழாயிரத்து நானூறு ரூபாய்.